ஆடி மாதத்துச் சாக்கு ஷேர்

நேற்று உங்கள் ஷேர் ஆபீசுக்கு வந்திருந்தபோது ஒருவர் கேட்டார்: "சார், வால்யூமே இல்லாத, வாங்க விக்க ஆளே வராத நாள்ல நீங்கல்லாம் அந்தக் காலத்துல என்ன பண்ணுவீங்க?" "கடலை தின்போம்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அது பாதிப் பதில்தான். மீதியைச் சொல்வதற்குள் உங்கள் திரையில் ஏதோ ஒன்று சிவப்பாகிவிட்டது, அந்தப் பக்கம் ஓடிவிட்டீர்கள். ஓடுகிறவர்களை நிறுத்தி வைத்துக் கதை சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். மார்க்கெட் தூங்குகிற நாளில் படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் அரியலூரில் சப் புரோக்கர். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு மேஜை, ஒரு போன், இரண்டு மடக்கு நாற்காலிகள். காலையில் மெட்ராசுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார வேண்டும். பகல் இரண்டு மணிக்கு மார்க்கெட் மூடுவதற்குள் லைன் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நரி முகத்தில் விழித்திருக்கிறோம் என்று அர்த்தம். கிடைத்தாலும் மூன்று நிமிடம்தான். மறுமுனையில் எப்போதும் ஒரே குரல். பெரிய புரோக்கர் ஒருவரிடம், மார்க்கெட்டுக்குள் நின்று கூவி வாங்கி விற்கிற ஆள் அவர். தன் பெயரைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "சொல்லுய்யா அரியலூர்" என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்கு நான் ஓர் ஊர், எனக்கு அவர் ஒரு குரல். பதினோரு வருடம் பேசினோம், ஒருநாளும் நேரில் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த தொழிலில் முக்கால்வாசி, அந்த மூன்று மூன்று நிமிடங்களில் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் அதிகம் இருந்த ஷேர், பெரம்பலூர் ரோட்டில் இருந்த ஒரு சாக்கு மில்லின் ஷேர். கடலைக்கும் மல்லிக்கும் மிளகாய்க்கும் சாக்கு தைக்கிற சின்ன மில். ஷேர் வெளியிட்டபோது உள்ளூர்க்காரர்களும் தொழிலாளர்களும் வாங்கிப்போட்டார்கள். ஊரில் அதைச் "சாக்கு ஷேர்" என்றே சொல்வோம். மெட்ராஸில் அதற்கு நாதி கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை யாராவது ஐம்பது ஷேர் வாங்கினால் அதிசயம். ஆனால் பேப்பரில் மட்டும் கடைசியாக நடந்த விலை ஒன்று தினமும் அச்சாகி வரும். அதைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியில் இருப்பது இவ்வளவு என்று ஊரே நிம்மதியாக இருக்கும்.

இனி என் மடத்தனத்தைச் சொல்கிறேன். வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் மெத்தை போட வேண்டும், இருநூறு சாக்கு ஷேரையும் விற்றுக்கொடு என்றார். பேப்பரில் பதினெட்டு ரூபாய். தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத எனக்கு அது போதாதா? லைன் கிடைத்ததும், "இருநூறும் கிடைக்கிற விலைக்குத் தள்ளிடுங்க சார்" என்றேன்.

"யோவ், கேக்குறதுக்கு ஆளே இல்லய்யா இங்க."

"பரவால்ல சார், பார்ட்டி அவசரப்படறாரு. தள்ளிடுங்க."

தள்ளினார். முதல் ஐம்பது பதினேழுக்குப் போனது. அடுத்த ஐம்பது பதினைந்தரை. மிச்ச நூறும் பதின்மூன்று. மறுநாள் பேப்பரில் சாக்கு ஷேர் பதின்மூன்று என்று வந்ததா, ஸ்டேஷன் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தாராம். பத்து மணிக்குள் என் மாடிப்படியில் கூட்டம். மில் மூடப்போகிறதா, முதலாளி ஓடிவிட்டாரா, எங்களுடையதையும் விற்றுவிடு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதின்மூன்றைச் செய்தவன் நான். நான் விற்ற விலைதான் மெட்ராஸ் வரைக்கும் போய், பேப்பரில் ஏறி, எங்களையே மிரட்டத் திரும்பி வந்திருந்தது. கூட்டத்தைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

அந்தக் குரல் அடுத்த காலில் என்னை வறுத்தெடுத்தது. "கூட்டம் இருக்குற சந்தையில நீ எவ்ளோ வித்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. இது ஆளில்லாத சந்தை. இங்க நீ தும்முனாக்கூட அதுதான்யா அன்னிக்கு வெல. பேப்பர்ல போட்டிருக்குறது நேத்து எவனோ குடுத்த வெல. உனக்கு எவன் குடுக்கப்போறான்னு மொதல்ல பாரு."

வாத்தியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெத்தை போடப் பணம் போதாமல் ஓடு போட்டுக்கொண்டார். பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஓட்டு வீடு கண்ணில் படும். நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவேன்.

இன்னொரு வியாதியும் உண்டு. அது உங்களுக்கும் இருக்கிறது, நேற்று பார்த்தேன். வியாபாரம் இல்லாத நாளில் கை அரிக்கும். எனக்கு ஒரு சித்திரை மாதம் முழுக்க ஒரு ஆர்டர் இல்லை. சும்மா இருக்கிறோமே என்று, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு நூல் மில்லில் நூறு ஷேர் எனக்கே வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது ஒரே காலில் கிடைத்தது. விற்க இரண்டு வருடம் ஆளில்லை. கரண்ட் போனால் என் வீட்டுக்காரி அந்தச் சர்டிபிகேட்டை எடுத்து விசிறிக்கொள்வாள். "என்னதான் சொல்லுங்க, காத்து நல்லா வருது" என்பாள்.

இந்த இரண்டு அடியும் பட்டபிறகுதான் அஞ்சலையக்கா மாடிப்படி ஏறி வந்தார்.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அஞ்சலையக்காவுக்கு ஐம்பது வயது, சாக்கு மில்லில் தையல் பகுதியில் வேலை. கணவரும் அதே மில்லில் இருந்தவர். அவர் இறந்தபோது வந்த பணத்தில்தான் முந்நூறு ஷேர் வாங்கியிருந்தார். சர்டிபிகேட்டை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பத்திரம் எழுதினால் தடவுவோமே, அதுபோலத் தடவி வைத்திருந்தார்.

"முந்நூறையும் வித்துக்குடுங்க தம்பி. பேப்பர்ல திரும்பப் பதினெட்டுன்னு போட்டிருக்கானாம். எனக்கு அஞ்சாயிரம் வந்தாப் போதும்."

விஷயம் இதுதான். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் சொச்சம் மானாவாரிப் புஞ்சை, எங்கள் பக்கப் பேச்சில் காடு. அக்காவின் அப்பா, அம்மா, பிறகு அக்கா என்று மூன்று பேரும் கூலிக்குக் களை வெட்டிய காடு. அந்தக் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நிலத்துக்காரப் பெரியவர் தன் பங்கை விற்றுவிட்டு மகனோடு திருச்சிக்குப் போகிறார். "உனக்கே தரேன் அஞ்சலை, ஆவணி மொத முகூர்த்தத்துல பத்திரம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அவருடைய பங்காளிகளுக்கு அதில் இஷ்டமில்லை. அவள் பணம் கொண்டுவரவில்லை என்றால் அன்றைக்கே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று காத்திருக்கிறார்கள்.

மெட்ராஸில் விற்றால் பணம் கைக்கு வர இருபது நாளாவது ஆகும். ஆக எனக்கு இருந்தது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதுவும் ஆடியில். நம் ஊர்க்காரன் ஆடியில் தள்ளுபடித் துணியைத் தவிரப் புதிதாக எதையாவது வாங்குவானா? அரியலூரில் ஷேர் வாங்கக்கூடியவர்கள் ஆறேழு பேரைப் போய்ப் பார்த்தேன். ரைஸ்மில்காரர், மெடிக்கல் கடைக்காரர், எல்லாரும் பாட்டு மாற்றாமல் ஒரே பதில்: "ஆடி போவட்டும், பாக்கலாம்." ஆடி போனால் காடும் போய்விடும். அதை வெளியே சொல்லவும் முடியாது.

மூன்றாம் நாள் லைன் கிடைத்தது.

"முந்நூறா? ஆடி மாசத்துலயா?" என்றது குரல். "கேக்குற ஆளு ஒருத்தன் இருக்கான். பன்னெண்டு ரூவா. அதுவும் அம்பதுக்குத்தான். மிச்சத்தைத் தள்ளுனா பத்துக்கு வந்து நிக்கும். தள்ளட்டுமா?"

தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. பார்ட்டி விற்கச் சொன்னார், நான் விற்றேன், மார்க்கெட் அவ்வளவுதான் கொடுத்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வாத்தியாரின் ஓட்டு வீடு ஞாபகத்துக்கு வந்தது.

"வேணாம் சார்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. இங்க இருக்குறவன் நம்பரைப் பாத்து வாங்குறவன்யா. சாக்கைப் பாத்து வாங்குறவன் உன் ஊருலதான் இருப்பான். தெனம் சாக்கு யாருக்கு வேணும்? அவனைப் போய்ப் பாரு. எங்களுக்குக் கமிஷன் வேணாம், போ." லைன் கட்டாகிவிட்டது. தன் முதலாளிக்கு வரவேண்டிய வியாபாரத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மறுநாள் பெரம்பலூர் போனேன். அங்கே ராவுத்தர் ஒருவருக்குக் கடலை மண்டி. என் வழியாக முன்பு இரண்டு மூன்று ஷேர் வாங்கியிருக்கிறார். போனால், வாசலில் சாக்குக் கட்டு அடுக்கியிருந்தது, மில் முத்திரையோடு.

"என்ன ராவுத்தரே, இத்தனை சாக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க! முன்னல்லாம் மில்லுக்காரன் சாக்கு வாங்கிக்குங்கன்னு என் வாசல்ல நிப்பான். இப்ப நான் அவன் வாசல்ல போய் நிக்கிறேன். தை மாசத்துக்கு வேண்டியதை இப்பவே சொல்லிவைக்கணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் மில் நன்றாக ஓடுகிறது. ஷேர் இன்னும் ஏறும். அந்த ஷேரை விற்றுக்கொடுக்கத்தான் நான் வந்து நிற்கிறேன். வந்தாயிற்று, விஷயத்தைச் சொன்னேன்.

"முந்நூறும் ஒரே ஆளுதா? யாரு? ஏன் விக்குறாங்க, ஏதும் அவசரமா?"

தம்பிகளா, தங்கைகளா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நமக்குச் சம்பளம். ஆளில்லாத சந்தையில் விற்கிறவனின் அவசரம் வெளியே தெரிந்துவிட்டால் பாதி விலை அங்கேயே போய்விடும். அதற்காகப் பொய் சொல்லவும் கூடாது, நாளைக்கும் அதே மண்டிக்குத்தான் போகவேண்டும்.

"அவங்க ஏன் விக்கறாங்கன்னு நீங்க கேட்டா, நீங்க ஏன் வாங்கறீங்கன்னு நான் அவங்ககிட்ட சொல்லவேண்டி வரும் ராவுத்தரே. வாசல்ல சாக்கைப் பாத்துட்டேன்."

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "வெவரமான ஆளுதான். சரி, ஆடி அது இதுங்கறது உங்களுக்கு, எங்களுக்கு ஏது? வாங்கிக்கறேன். பதினஞ்சு."

"பேப்பர்ல பதினெட்டு."

"பேப்பர்காரன் வந்து வாங்குவானா? இந்த ஆடியில வேற யாரு வாங்குவா, நீங்களே சொல்லுங்க!"

"ஆடி உங்களுக்குக் கெடையாதுன்னு இப்பத்தான சொன்னீங்க. வெலை பேசறப்ப மட்டும் வந்துருச்சா?"

மண்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ராவுத்தருக்குத் தோள் குலுங்கியது. "போங்க, பதினேழு. இதுக்கு மேல ஒரு பைசா இல்ல. நாளைக்குள்ள சொல்லணும்."

பதினேழு என்றால் ஐயாயிரத்து நூறு. காரியம் முடிந்தது என்று குதிக்க வேண்டியவன், பஸ்ஸில் உம்மென்று உட்கார்ந்து வந்தேன். ஷேர் ஏறும் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. சொன்னால் மனம் மாறி, காட்டை விட்டுவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டால், என்னை நம்பிச் சர்டிபிகேட்டைக் கொடுத்த பெண்பிள்ளையை ஏமாற்றிய மாதிரி. அரியலூர் வரை போகாமல் மில் வாசலிலேயே இறங்கிவிட்டேன். ஷிப்ட் முடிந்து அக்கா வெளியே வந்தார், தலையெல்லாம் சணல் தூசி.

"அக்கா, பதினேழுக்கு ஆள் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ஷேரு ஏறும்னு எனக்குத் தோணுது. ஒரு வருஷம் வெச்சிருந்தா ரெண்டு பங்காக்கூட ஆவலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தைக்கிறவ நான். சாக்கு எங்க போவுது, எவ்ளோ போவுதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? மூணு ஷிப்டு ஓடுது. ஏறுந்தான்."

நான் கொண்டுவந்த ரகசியம் அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஏறட்டுமே. இன்னொரு நாளு வாங்கணும்னா ஷேரு எங்கயாச்சும் கெடைக்கும். அந்தப் பெரியவரு மனசு மாறிப்போச்சுன்னா எனக்கு அந்தக் காடு கெடைக்குமா? எங்கம்மா அதுல களை வெட்டிக்கிட்டு இருக்கறப்பதான் நான் பொறந்தேனாம். வித்துருங்க."

ஆனால் ஆடியில் மற்ற நாளில் பணத்தை வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குத்தான் வாங்குவாராம், அது நல்ல நாளாம். ராவுத்தரிடம் சொன்னேன். "எங்களுக்கு ஆடி இல்ல, ஆனா அவங்களுக்கு இருக்குல்ல, இருக்கட்டும்" என்று பெருக்கு வரைக்கும் காத்திருந்தார். அன்றைக்கு மண்டியிலேயே கைமாற்றினோம். சர்டிபிகேட் மூலையில் இருந்த மஞ்சளைத் துடைக்கப் போனேன். "துடைக்காதீங்க, பரக்கத்தா இருக்கு, பெருகும்" என்று ராவுத்தர் வாங்கி நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் பதிவாயிற்று. பங்காளிகள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்த வருடம் சாக்கு ஷேர் ஏறியது. இருபத்தைந்து, முப்பது, ஐப்பசியில் நாற்பது. ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பிரித்ததும் முதலில் அந்த விலையைத்தான் தேடினேன். நான் சொல்லிவிட்டுத்தானே விற்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் போதவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாலிகண்டபுரம் போனேன். வாத்தியார் வாசலில் நின்றிருந்தார். இந்த முறை நானே போய்க் கும்பிட்டேன். "காட்டுக்குத்தான தம்பி? கோயில் தாண்டி இடது பக்கம்" என்று வழி சொன்னார்.

அஞ்சலையக்கா கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். முதல் மகசூல்.

"அக்கா, சாக்கு ஷேரு நாப்பது ஆயிருச்சு" என்றேன், தப்புச் செய்தவன் மாதிரி.

"ஏ அப்பா! நாப்பதா!" ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தார், முகம் வாடியது. இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு கேட்டார்: "அந்த ராவுத்தரு வித்துட்டாரா?"

"இல்லக்கா. இன்னும் ஏறும்னு வெச்சிருக்காரு. காலையில பேப்பரைப் பாக்காம டீ எறங்க மாட்டேங்குதாம்."

"பாவம்" என்றார், உண்மையாகவே. கையிலிருந்த செடியை உதறினார். "ஏந் தம்பி, இந்தக் காடு இன்னிக்கு என்னா வெலைன்னு பேப்பர்ல போடுவானா?"

"போட மாட்டாங்கக்கா."

"அப்பச் சரி" என்று குனிந்து அடுத்த செடியைப் பிடித்தார்.

திரும்பும்போது ஒரு சாக்கில் அரைவாசி பச்சைக் கடலை கட்டிக் கொடுத்தார். மில் முத்திரை போட்ட சாக்கு, அவர் தைத்ததாகவே இருக்கும். அந்த மாடி அறையை நான் மூடுகிற வரைக்கும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அது வந்துகொண்டிருந்தது. வறுத்து டின்னில் போட்டு மேஜைமேல் வைத்திருப்பேன். மார்க்கெட்டில் ஆளில்லாத நாளில் கை அரித்தால் போனைத் தொட மாட்டேன், டின்னைத் திறப்பேன். நேற்று நான் சொன்னது அந்தக் கடலையைத்தான்.